வீட்டு ஹைட்ரோபோனிக்ஸுக்கு ஏர் பம்ப்: வாங்கும்போதும் மக்கர் பண்ணும்போதும் எழும் கேள்விகள்

மாடியிலும் பால்கனியிலும் மண்ணில்லாமல் கீரை, லெட்டூஸ், புதினா, தக்காளி வளர்ப்பவர்கள் ஏர் பம்ப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரை வைத்து எழுதப்பட்டவை. இந்தப் பதில்கள் சென்னை மாதிரி வெயிலும், போர் தண்ணீரும், அவ்வப்போது மின் தடையும் உள்ள ஊருக்கானவை.

ஏர் பம்ப் எதற்கு? செடி இலை வழியாகத்தானே காற்றை எடுக்கிறது?

இலை எடுப்பதோடு வேரின் தேவை தீர்வதில்லை. வேரும் உயிருள்ள திசு. அது சுவாசித்தால்தான் உப்புச் சத்துகளை உள்ளே இழுக்கும் சக்தி கிடைக்கும். நல்ல மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. வாளித் தண்ணீரில் வேர் முழுக்க மூழ்கி நிற்கும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மட்டும்தான் அதற்குக் கிடைக்கும்.

அது எவ்வளவு குறைச்சல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 7.6 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். 20 லிட்டர் வாளி முழுவதிலும் சேர்த்தால் சுமார் 150 மில்லிகிராம். ஒரே ஒரு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 270 மில்லிகிராம்! அதாவது ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் அடங்கும் காற்றில் இருக்கும் ஆக்சிஜன், அந்த வாளி முழுக்க இருப்பதைவிட அதிகம். வளர்ந்த செடியின் வேர்க்கொத்து இந்த 150 மில்லிகிராமைச் சில மணி நேரத்தில் கரைத்துவிடும். அது தீரத் தீர நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் பம்பின் வேலை.

எல்லா வகை அமைப்புக்கும் பம்ப் வேண்டுமா?

வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி உருவாக்கிய முறையில் பம்பே கிடையாது. தண்ணீர் குறையக் குறைய மேலே காற்று இடைவெளி உண்டாகிறது. அந்த ஈரக் காற்றில் தொங்கும் மேல் வேர்கள் காற்றை எடுத்துக்கொள்கின்றன, கீழ் வேர்கள் தண்ணீரை எடுக்கின்றன. சீக்கிரம் அறுவடை ஆகும் கீரை, லெட்டூஸுக்கு இது நன்றாகவே போதும். ஒரு எச்சரிக்கை: தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மேல்வரை நிரப்பிவிடக் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கினால் செடி வாடும்.

குழாயில் மெல்லிய படலமாக நீர் ஓடும் என்எஃப்டி முறையில் வேருக்குக் காற்று அதிலேயே கிடைக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் தொட்டியில் ஓர் அடி உயரத்திலிருந்து சலசலவென்று விழும்படி வைத்தால் தனிப் பம்ப் தேவைப்படாது. வாளியில் பெர்லைட் மாதிரி ஊடகத்தை நிரப்பிச் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விடும் டச் பக்கெட் முறையும் அப்படித்தான்.

ஏர் பம்ப் கட்டாயம் வேண்டியது ஆழ்நீர் முறைக்கு. வாளியிலோ டப்பாவிலோ வேர் எந்நேரமும் நீரில் தொங்கும் முறை அது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதற்கானவை.

எத்தனை லிட்டர் பம்ப் வாங்குவது?

நான்கு லிட்டர் உரக் கரைசலுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்று என்பது தாராளமான அளவு. அதில் பாதி இருந்தால் சமாளிக்கலாம். எங்கள் பக்கத்து வெயிலுக்கு நான் தாராளக் கணக்கையே சொல்வேன். 15 லிட்டர் கரைசல் உள்ள வாளிக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர், அப்படி நான்கு வாளி என்றால் 15, 16 லிட்டர்.

ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் டியூபும் இல்லாமல், டியூப் முனையில் மாட்டிக் காற்றைக் குமிழிகளாகப் பிரிக்கும் ஏர் ஸ்டோன் என்ற கல்லும் இல்லாமல், வெளிக்காற்றில் ஊதும்போது வரும் அளவு. ஒரு அடி ஆழமும் நுண்துளைக் கல்லும் நீளமான டியூபும் சேர்ந்தால் அதில் கணிசமான பங்கு போய்விடும். கணக்கில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரியதாக வாங்கினால் கவலையில்லை.

உண்மையில் எவ்வளவு வருகிறது என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, வாயைக் கையால் மூடி, வாளிக்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். கையை எடுத்தாலும், வாய் தண்ணீருக்குள் இருக்கும்வரை பாட்டில் தண்ணீர் இறங்காது. கல்லை வாளியின் அடியில் அதன் வழக்கமான இடத்திலேயே வைத்து, குமிழிகள் எல்லாம் பாட்டில் வாய்க்குள் ஏறும்படி நேர்மேலே பிடியுங்கள். வாய் அகலமான பாட்டிலாக இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் ஒரு புனலைச் செருகிக்கொள்ளலாம். பாட்டில் முழுக்கக் காற்றாக 30 வினாடி ஆனால், வருவது நிமிடத்துக்கு 2 லிட்டர். 15 வினாடி ஆனால் 4 லிட்டர். புதுப் பம்ப் வாங்கிய அன்றே அளந்து, பம்பின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் ஒன்றே போதும்.

பெட்டியில் மெகாபாஸ்கல் என்று ஒரு எண் இருக்கிறதே, அது என்ன?

அது அழுத்தம். எவ்வளவு ஆழம்வரை பம்ப் காற்றைத் தள்ளும் என்பதை அதுதான் சொல்கிறது. 0.01 மெகாபாஸ்கல் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் காற்று வருவது நின்றே போகும் என்பதுதான் அதன் பொருள். வாளி ஆழம் 35, 40 சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். கல்லின் தடையும் டியூபின் தடையும் அதோடு சேரும். கல் உப்புப் படிந்து அடைக்க ஆரம்பித்தால் தடை இன்னும் கூடும். அதனால் 0.02-ஐ ஒட்டி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். லிட்டர் அதிகமாகவும் அழுத்தம் குறைவாகவும் உள்ள பம்பைவிட, லிட்டர் சற்றுக் குறைந்தாலும் அழுத்தம் உள்ளது மேல்.

மீன் தொட்டிப் பம்பே போதுமா, பெரிய ஏசிஓ வகை வேண்டுமா?

இரண்டும் மீன் வளர்ப்புக்கு வந்தவைதான். சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பம்ப், கல், டியூப், வால்வு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், பம்பை ஓட விட்டுப் பார்த்தும் வாங்கலாம்.

சின்னப் பிளாஸ்டிக் பம்பில் இருப்பது டயாஃப்ரம். உள்ளே ஒரு மின்காந்தச் சுருள், அதன் எதிரே நுனியில் காந்தம் பொருத்திய ஒரு கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கை வினாடிக்கு 50 முறை ஆடி, ரப்பர் கிண்ணம் ஒன்றை அமுக்கி அமுக்கி விடுகிறது. இரண்டு மெல்லிய ரப்பர் மடல்கள் காற்றை ஒரே திசையில் அனுப்புகின்றன. 3 முதல் 5 வாட், விலை குறைவு, சத்தம் குறைவு. ரப்பர் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று முதல் மூன்று வாளிக்கு இதுதான் சரி.

ஏசிஓ என்று கடையில் கேட்டால் தரும் உலோக உடல் பம்பில் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடுகிறது. 20 வாட் சொச்சத்திலிருந்து தொடங்கும், காற்று பல மடங்கு. ஐந்தாறு வாளிக்கு மேல் போனால் இதைப் பார்க்கலாம். ஆனால் தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடாகும், அதிர்வும் சத்தமும் அதிகம். படுக்கை அறையை ஒட்டிய பால்கனிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று போகும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு ஓட விட்டால் சூடேறிப் பழுதாகும். தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும்.

ஒரு பெரிய பம்பா, இரண்டு சிறியவையா என்று தயங்கினால் இரண்டு சிறியவை வாங்குங்கள். ஒன்று நின்றாலும் பாதிக் காற்றாவது ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய பம்ப் போட்டும், குமிழி கொப்பளித்தும், வேர் பழுப்பாகிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் பெரும்பாலும் பம்பில் இல்லை. ஒரு தெர்மாமீட்டரை எடுத்து மதியம் மூன்று மணிக்கு வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும். 25-ல் 8.3, 30-ல் 7.6, 35-ல் 6.9. இது இயற்கை வைத்த உச்சவரம்பு. எத்தனை பம்ப் சேர்த்தாலும் சாதாரணக் காற்றால் இதைத் தாண்ட முடியாது. இன்னொரு பக்கம், பத்து டிகிரி ஏறினால் வேரின் சுவாசத் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. வரவு குறையும்போதே செலவு இரட்டிப்பாகிறது. அந்தச் சமயத்தில்தான் பித்தியம் என்ற நீர்ப்பூஞ்சணம் பலவீனமான வேரைப் பிடிக்கும். வேர் பழுப்பாகி, வழவழவென்று, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் நிற்கும். சாக்கடை வாடை வரும். அந்த நிலைக்கு வந்த வேர் திரும்பாது. அழுகியதை வெட்டி எறிந்து, வாளியைப் பிளீச்சிங் தண்ணீரால் கழுவி நன்றாக அலசி, புதுக் கரைசலில் வைத்தால் மிச்ச வேரிலிருந்து செடி மீளலாம்.

(வேர் வெறுமனே இளம்பழுப்பாக, உறுதியாக, வாடையில்லாமல் இருந்தால் பயப்படாதீர்கள். உரக் கரைசலின் நிறம் ஏறியிருக்கும்.)

ஊட்டியில் இருக்கும் நண்பர்கள் குளிர்ந்த தண்ணீர் என்பதால் தங்களுக்கு இந்தக் கவலையே இல்லை என்பார்கள். உண்மையில் அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அங்கே 15 டிகிரித் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் சென்னையில் 29 டிகிரித் தண்ணீரில் கரைவதற்கு ஏறக்குறைய சமம். அவர்களுக்குச் சாதகம் வேறு: குளிரில் வேரின் தேவை குறைவு, பூஞ்சணத்தின் ஆட்டமும் குறைவு.

ஆகவே பணம் செலவழிக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் நிழல் வலை. அப்புறம் வாளியின் வெளிப்புறம்: உள்ளே வெளிச்சம் போகாமல் கறுப்பு பெயின்ட், அதன் மேல் வெயிலைத் திருப்பியடிக்க வெள்ளை பெயின்ட். வாளியைச் சுடும் தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் தெர்மகோல் பலகை மேல் வையுங்கள். முடிந்தால் 10 லிட்டர் வாளிக்குப் பதில் 25 லிட்டர் டப்பா. தண்ணீர் அதிகமாக இருந்தால் மெதுவாகத்தான் சூடேறும். நனைத்த சாக்கை வாளியைச் சுற்றிக் கட்டுவது மதுரை, கோவை போன்ற உலர்ந்த காற்றுள்ள ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை.

சித்திரை, வைகாசியில் இவையும் போதாவிட்டால் உறைந்த தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, மூடியோடு 20 லிட்டர் கரைசலில் போட்டால் நான்கைந்து டிகிரி குறையும். பகல் பன்னிரண்டு மணிக்குப் போடுவது நல்லது. சூடேறிய பிறகு குறைப்பதைவிட ஏறவிடாமல் பிடிப்பது எளிது. 28 டிகிரிக்குக் கீழே நிறுத்த முடிந்தால் சாதாரணப் பம்பே போதும்.

பம்ப் ஊதும் வெளிக்காற்று சூடாக இருப்பதால்தான் தண்ணீர் சூடாகிறது என்று சிலர் பம்பை நிறுத்திவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. நிமிடத்துக்குச் சில லிட்டர் காற்று கொண்டுவரும் சூடு மிகச் சொற்பம். சூட்டுக்குக் காரணம் வெயிலும் தளமும்.

பம்ப் ஓடுகிறது, உர்ரென்று சத்தமும் வருகிறது. காற்று வரவில்லை. என்ன பார்ப்பது?

பம்பைத் திறப்பதற்கு முன் டியூபைப் பம்பின் மூக்கிலிருந்து உருவிவிட்டு, அந்த மூக்கில் விரலை வையுங்கள். விரலில் காற்று பலமாகத் தள்ளினால் பம்ப் நன்றாக இருக்கிறது, அடைப்பு வெளியே. அடுத்து டியூபை மாட்டி, கல்லை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது குமிழி வந்தால் குற்றவாளி கல். வராவிட்டால் டியூப் எங்கேயாவது மடிந்திருக்கும், வாளிக்கு அடியில் நசுங்கியிருக்கும், அல்லது செக் வால்வு (காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் குட்டி வால்வு) ஒட்டிக்கொண்டிருக்கும். செக் வால்வை எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். திசை மாற்றி மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

விரலில் காற்றே படவில்லை என்றால் பம்பைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியிலுள்ள திருகுகளைக் கழற்றுங்கள். அதற்கு முன் அடியில் ஒரு சின்ன ஃபெல்ட் அல்லது ஸ்பாஞ்ச் துண்டு தெரியும். அதுதான் காற்று உள்ளே போகும் வழி. மாடியில் வைத்த பம்பில் அது புழுதியேறித் தகடு மாதிரி இறுகியிருக்கும். அதை எடுத்துக் கழுவிக் காயவைத்துப் போட்டாலே பல பம்புகள் பிழைத்துவிடுகின்றன.

உள்ளே ரப்பர் கிண்ணத்தை விரலால் லேசாக மடக்கி, வெளிச்சத்தில் விளிம்பு முழுவதும் பாருங்கள். கிழிசல் பெரும்பாலும் கிண்ணத்தின் கழுத்து, கையோடு இணையும் இடத்தில், மயிரிழையாகத்தான் ஆரம்பிக்கும். நேராக இருக்கும்போது தெரியாது, மடக்கினால் வாய் திறக்கும். கிழியாமல், ஆனால் கெட்டியாகி நெகிழ்வு போயிருந்தாலும் மாற்றுங்கள். கிண்ணம் நன்றாக இருந்தால் அதன் அடியிலுள்ள மடல் வால்வுகளைப் பாருங்கள். ஒரு தூசியோ உப்புத்துகளோ மடலுக்குக் கீழே சிக்கியிருந்தாலும் காற்று முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருக்கும், வெளியே வராது. மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும். பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறியிருப்பதும் நடக்கும்.

கடைசியாகக் காந்தக் கை. அது சுருளின் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து இரும்பைத் தட்டினால் சத்தம் கூடும், காற்று குறையும். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகையோ கொக்கியையோ தளர்த்தி நடுவில் நிறுத்தி இறுக்குங்கள்.

சத்தமே இல்லை, பம்ப் செத்துவிட்டதா?

வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்போதும் மௌனம் என்றால், மல்டிமீட்டர் இருந்தால் பிளக் முனைகளுக்கு இடையே தொடர்ச்சி பாருங்கள். தொடர்ச்சி இல்லாவிட்டால் சுருள் எரிந்திருக்கும் அல்லது கம்பி உள்ளே அறுந்திருக்கும். சின்னப் பம்புகளில் சுருளைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், பழுது பார்ப்பது நடக்காத காரியம். புதிது வாங்குங்கள். பழையதன் ரப்பர் நன்றாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாளியில் நன்றாகக் குமிழி வருகிறது, பக்கத்து வாளியில் ஒன்றுமே இல்லை. ஏன்?

காற்று தடை குறைந்த வழியில்தான் போகும். இரண்டு வாளிகளில் தண்ணீர் மட்டம் ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலே ஆழம் குறைந்த பக்கம் எல்லாக் காற்றும் ஓடிவிடும். கற்கள் ஒன்று புதிது, ஒன்று பழையது என்றாலும் இதேதான். கற்களை ஒரே ரகமாக, ஒரே சமயத்தில் மாற்றுங்கள், ஒரே ஆழத்தில் வையுங்கள். மிச்ச வித்தியாசத்தைச் சரிசெய்யக் குட்டித் திருகுக் குழாய்கள் உள்ள பிரிப்பான் கடையில் கிடைக்கும். அதிகம் வரும் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஆனால் பம்பில் வரும் காற்றையே குறைப்பதற்காக எல்லாவற்றையும் இறுக்கக் கூடாது. டயாஃப்ரம் பின்னழுத்தத்தில் சீக்கிரம் கிழியும். காற்று கூடுதலாக இருந்தால் பிரிப்பானில் ஒரு வாயை வெளியே திறந்து விடுங்கள். இரண்டு மூக்குள்ள பம்பில் ஒன்று மட்டும் போதுமென்றாலும் மற்றதை அடைக்காதீர்கள். டீ இணைப்பால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம்.

தூரமும் ஒரு காரணம். நான்கு மில்லிமீட்டர் உள்துளையுள்ள சாதா டியூபை மாடி முழுக்க இழுத்தால் கடைசி வாளிக்கு மூச்சு எட்டாது. அரை அங்குல பிவிசி குழாயை வாளி வரிசை நெடுக ஓட்டி, ஒவ்வொரு வாளிக்கும் அதிலிருந்து குட்டை டியூப் எடுப்பது நல்ல முறை.

எந்த ஏர் ஸ்டோன் நல்லது? அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

குமிழி சிறிதாக இருந்தால் அதே அளவு காற்றுக்குத் தண்ணீரைத் தொடும் பரப்பு அதிகம். விட்டம் பாதியானால் பரப்பு இரண்டு மடங்கு. மெதுவாகவும் மேலேறும். ஆனால் நுண்துளைப் பீங்கான் கல்லுக்கு அழுத்தம் நிறைய வேண்டும், சின்னப் பம்பால் முடியாது. வீட்டுப் பம்புக்கு நடுத்தரத் துளையுள்ள உருளைக்கல் அல்லது தட்டுக்கல் சரியாக இருக்கும். பத்துப் பதினைந்து ரூபாய்க்கு வரும் நீல நிறக் கல் சில மாதத்தில் பொடிந்து உதிரும், அதைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

கல்லை அடைப்பது இரண்டு: கடின நீரின் சுண்ணாம்பும் பாசி வழவழப்பும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் மாதக்கணக்கில் ஓடும் கல், அதே ஊரில் போர் தண்ணீர் வீட்டில் வெகு சீக்கிரம் வெள்ளை பூத்துவிடும். கல்லை வெளியே எடுத்து, வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஒரு ராத்திரி போடுங்கள். சுண்ணாம்பு இருந்தால் சுறுசுறுவென்று நுரை வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பம்பில் மாட்டிக் காற்று ஊதவிட்டு, வெயிலில் காயவையுங்கள். பாசிக்குப் பிளீச்சிங். வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். இரண்டு செட் கல் வைத்துக்கொண்டு, கரைசல் மாற்றும்போதெல்லாம் கல்லையும் மாற்றிப் போடுவது சுலபம்.

பம்பை எங்கே வைப்பது?

தண்ணீர் மட்டத்துக்கு மேலே. மின்சாரம் நின்றால் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி ஏறி, பம்புக்குள் வந்துவிடும். பம்ப் கீழே இருந்தால் வாளியே காலியாகலாம், மின் ஆபத்து வேறு. மேலே வைக்க வழியில்லை என்றால் செக் வால்வு கட்டாயம். நான் மேலே வைத்தாலும் செக் வால்வு போடச் சொல்வேன், விலை சொற்பம். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டுப் போகட்டும், கம்பியில் வழியும் தண்ணீர் பிளக்கில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். மாடி பிளக் பாயின்ட் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மழையும் நேர் வெயிலும் படாத இடம், காற்றோட்டமான இடம். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் முழுக்க மூடி வைத்தால் பம்ப் வெந்துவிடும்.

ராத்திரி சத்தம் தூங்கவிடவில்லை.

பெரும்பாலும் பம்ப் சத்தம் போடுவதில்லை, அது உட்கார்ந்திருக்கும் மேசையோ சுவரோ போடுகிறது. பம்பைக் கையில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. தடித்த ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள், அல்லது கயிற்றில் சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். டியூப் சுவரில் உராய்ந்தாலும் அதிரும். கையில் பிடித்தும் கடகடவென்றால் காந்தக் கை நகர்ந்திருக்கும், அல்லது கல் அடைத்துப் பம்ப் திணறுகிறது.

ராத்திரி நிறுத்தி வைக்கலாமா? டைமர் போடலாமா?

கூடாது. இலை ராத்திரியில் உணவு தயாரிப்பதை நிறுத்தலாம், வேர் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. 24 மணி நேரமும் ஓடட்டும். செலவும் பெரிதில்லை: 5 வாட் பம்ப் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம்தான் இழுக்கும். 20 வாட் ஏசிஓ என்றால் 29 யூனிட். நம் மின் கட்டணமே இரண்டு மாதக் கணக்கு, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னப் பம்பை நிறுத்தி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

செடியின் அளவையும் தண்ணீரின் சூட்டையும் பொறுத்தது. நாற்றும் சின்னக் கீரையும் அரைநாள் தாங்கும். காய்த்து நிற்கும் தக்காளி, அதுவும் நடுப்பகலில், இரண்டு மூன்று மணி நேரத்திலேயே தலை சாய்க்கலாம். பராமரிப்புக்கான மாதாந்திர மின் தடை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் தாண்டிப் போகிறது. சரியாக வெயில் ஏறும் நேரம் அது. முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்பதால் உறைந்த பாட்டிலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பம்பின் பிளக்கை அந்த லைனில் சேர்ப்பதுதான் சிறந்த வழி. ஐந்து வாட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பம்ப் சத்தம் கூடி, சற்றுச் சூடாகும். சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் யூஎஸ்பி பம்ப் ஒன்றைப் பவர் பேங்கோடு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். பம்ப் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் ஒன்றும் மாட்டவில்லை என்று எண்ணித் தானாக அணைந்துவிடும்.

எதுவும் இல்லையா? வாளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கரைசலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். மேல் வேர்கள் ஈரக் காற்றில் தொங்கும், அதுவே பெரிய உதவி. எடுத்த கரைசலில் அரைமணிக்கு ஒருமுறை ஒரு சொம்பு மொண்டு உயரத்திலிருந்து வாளிக்குள் ஊற்றுங்கள். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் திருப்பி ஊற்றலாம்.

பம்ப் போட்ட பிறகு பிஹெச் ஏறிக்கொண்டே போகிறது. பம்ப் காரணமா?

ஓரளவுக்கு. போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்ஸைடு நிறையக் கரைந்திருக்கும், அது தண்ணீரைச் சற்று அமிலமாக வைத்திருக்கிறது. குமிழி அதை வெளியேற்றும்போது பிஹெச் ஏறும். கடினநீரில் உள்ள பைகார்பனேட் அதை இன்னும் மேலே இழுக்கும். ஆகவே போர் தண்ணீரைப் பிடித்தவுடன் சரிசெய்யாமல், ஒரு நாள் பம்பை ஓடவிட்டு, அது ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறியபின் அமிலம் சேர்த்து 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். அப்புறம் தினமும் தடுமாறாது.

காற்று அதிகமானால் செடிக்குக் கெடுதலா?

ஆக்சிஜன் அதிகமாகிக் கெடாது. ஆனால் கொந்தளிப்பு கெடுக்கும். இளம் நாற்றின் வேரை அது அலைக்கழிக்கும். தெறிக்கும் கரைசல் தண்டின் அடியில் உப்பாகப் படிந்து அழுகல் வரும். செடியைத் தாங்கும் வலைக் கிண்ணமான நெட் பாட்டின் அடிப்பகுதி ஓயாமல் நனைந்தால் கல்லை ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

குமிழி ஓடும் தண்ணீரில் கொசு முட்டையிடாதுதானே?

இடும். வாளி ஓரங்கள் அமைதியாகத்தான் இருக்கும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மூடியில் டியூப் நுழையும் ஓட்டை உட்பட எல்லா இடைவெளியையும் வலையாலோ ஸ்பாஞ்ச் துண்டாலோ அடையுங்கள். காற்று வெளியேற வழி இருக்க வேண்டும், வலை என்றால் அது தானாக அமையும்.

கையிருப்பில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

உங்கள் பம்ப் மாடலுக்கான ரப்பர் கிண்ணம் ஒரு ஜோடி. பம்ப் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு அந்த மாடல் கிடைக்காமல் போகும். இரண்டு செக் வால்வு, ஒரு செட் கல், இரண்டு மீட்டர் டியூப், ஒரு டீ இணைப்பு. தக்காளி, மிளகாய் மாதிரி மாதக்கணக்கில் நிற்கும் செடி வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒரு சின்னப் பம்பும் வைத்திருப்பது நல்லது. ரப்பர் கிழிவது பெரும்பாலும் கடை திறக்காத ஞாயிற்றுக்கிழமையாகத்தான் தெரியவரும். உதிரி ரப்பரை வெயில் படாத டப்பாவில் போடுங்கள், மாடி அலமாரியில் கிடந்தால் பயன்படுத்துவதற்கு முன்பே வெடித்துவிடும்.